பகல் நேரத்துத் துணை

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு விடியுமுன்னே கிளம்புகிற ரயிலில்தான் எங்கள் ஊரின் உழைக்கிற கைகளெல்லாம் ஏறிப் போகின்றன. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு கோலார் தங்கவயலுக்கு மிஞ்சிய பிழைப்பு வழி அந்த ரயில். கட்டட வேலை, கார்மென்ட்ஸ், செக்யூரிட்டி, ஆபீஸ்களில் ஹவுஸ்கீப்பிங் என்று இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறார்கள். சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசை வரிசையாகக் கட்டிய எங்கள் மைசூர் மைன்ஸ் பகுதி லைன் வீடுகளில் பகலில் இருப்பவர்கள் வயதானவர்களும் குழந்தைகளும் நோயாளிகளும்தான். படுக்கையில் கிடக்கிற ஒருவருக்கு வேளைக்கு மருந்து தந்து, திருப்பிப் படுக்கவைக்க ஆள் வேண்டுமானால், அந்த வீட்டில் ஒரு சம்பளம் நின்றுபோக வேண்டும். பல வீடுகளில் அந்தச் சம்பளம் நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் எடுத்துக்கொண்ட வேலை இந்தப் பகல்களில்தான். குணமாக்க இனி வழியில்லை என்று பெரிய ஆஸ்பத்திரி சொல்லி அனுப்பிவிட்டவர்களின் வீடுகளுக்கு எங்கள் குழுவோடு போகிறேன். கூலி கிடையாது. நர்ஸ் படிப்பும் படிக்கவில்லை. ஊசி போடமாட்டேன், மருந்து எழுதமாட்டேன். இந்த வேலையைக் கேள்விப்படுகிறவர்கள், "அப்ப போய் என்னதான் பண்ணுவீங்க டீச்சர்?" என்று கேட்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நோய் எங்கள் ஊர் வேலையிலிருந்தே வந்தது. தங்கம் கிடந்தது குவார்ட்ஸ் பாறையில். டிரில் போட்டு, வெடி வைத்து அதை உடைக்கும்போது எழும்பிய தூசு மூச்சோடு உள்ளே போய் நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும். வெளியே வராது. அதைச் சுற்றித் தழும்பு கட்டும். தழும்பு பிடித்த இடம் காற்றை வாங்காது. சிலிகோசிஸ் என்று பெயர். இந்திய மருத்துவப் புத்தகங்களில் அந்த நோயைப் பற்றிப் படிக்கப் புகுந்தால் முதல் பெயராக வருவது எங்கள் ஊர்தான். 1940-களில் இங்கே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்ததில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அது இருந்தது. அதன் பிறகு தண்ணீர் விட்டுத் துளைப்பது, காற்றோட்டம் என்று எவ்வளவோ மாறியது உண்மை. ஆனாலும் இந்த நோய் வேலையை விட்டதும் நின்றுவிடுகிற நோய் அல்ல. மேலே வந்து இருபது வருஷம் ஆன பிறகும் தழும்பு வளரலாம், அதன் மேல் காசநோய் வந்து உட்காரலாம். சுரங்கத்தை மூடியபோது முப்பது வயதிலிருந்தவர்கள் இப்போதுதான் ஐம்பதைத் தாண்டியிருக்கிறார்கள். சுரங்கம் முடிந்த கதை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

எட்கர் ஷாஃப்ட்டில் டிரில் அடித்த ஒரு பெரியவர். நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். படுத்தால் மூச்சு நிற்பதுபோல் ஆகிவிடுவதால் மாதக்கணக்காக உட்கார்ந்தேதான் தூங்கினார். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து பழைய பேப்பரால் விசிறிக்கொண்டே இருப்பார். மூச்சுத் திணறல் வந்தால் பயம் வரும். பயம் வந்தால் மூச்சு இன்னும் வேகமாகும். அந்தச் சுழலை அறுப்பதுதான் அங்கே எங்கள் வேலை. உயரமான ஸ்டூலில் தலையணை வைத்து, அதன்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி முன்பக்கம் சாய்ந்து உட்காரச் சொன்னோம். சூடான டீயை ஊதிக் குடிப்பதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை வெளியே விடப் பழக்கினோம். பேட்டரியில் ஓடும் கைவிசிறி ஒன்றை வாங்கிக் கொடுத்து, மூக்குக்கும் கன்னத்துக்கும் நேராகப் பிடிக்கச் சொன்னோம். முகத்தில் குளிர்ந்த காற்று படும்போது மூச்சு முட்டுகிற உணர்வை மூளை குறைத்துக்கொள்கிறது என்று மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆக்சிஜன் அளவு ஏறாவிட்டாலும் திணறல் தணிகிறது.

முதல் தடவை அந்தக் காற்று முகத்தில் பட்டதும் பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டு துண்டாகச் சொன்னார்: "கேஜ்ல மேல வரும்போது... உள்ள அவ்ளோ சூடு இருக்கும்மா. வாய்க்கு வந்து கதவு தொறந்தவொடனே ஒரு காத்து அடிக்கும் பாரு. அந்தக் காத்து." அதன் பிறகு ஷிப்ட் கதைகள் நிறையச் சொன்னார். பாறை வெடித்துச் சரிந்த ஒரு நாளில், உள்ளே மாட்டிக்கொண்டவர்களைத் தேடப் போனவர்களில் அவரும் ஒருவர். அதைப் பெரியம்மாவிடம்கூட அவர் முழுசாகச் சொன்னதில்லை. பேசும்போது மூச்சு வாங்கும். நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவார். நான் கையிலிருந்த விசிறியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அன்று நான் செய்த வேலை அதுதான். ஒரு முழு மத்தியானம் வேண்டியிருந்தது. பெரியம்மா அந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்து நிம்மதியாகத் தூங்கினார்.

லைன் வீட்டின் அமைப்பு தெரியாமல் இங்கே யாருக்கும் உதவ முடியாது. ஒரு அறை, பின்னால் ஒரு சமையலிடம், முன்னால் ஆள் ஒதுங்கிப் போகிற சந்து. ஸ்ட்ரெச்சர் திரும்பாது. ஆம்புலன்ஸ் ரோட்டோடு நின்றுவிடும். பல வீடுகளில் கழிப்பறை வெளியேதான். நடக்க முடியாமல் போகும் நாளில் நோயாளிக்கு வலியைவிடப் பெரிய துன்பம் அதுதான். சுரங்கத்தில் நாற்பது பேருக்கு மேஸ்திரியாக இருந்தவர், மருமகளிடம் அதைக் கேட்க வாய் வராமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். பிளாஸ்டிக் நாற்காலியின் உட்காருமிடத்தை வட்டமாக அறுத்து, அறுத்த ஓரத்தைத் தேய்த்து மழுக்கி, சைக்கிள் டியூபைச் சுற்றி ஒட்டி, கீழே மூடி போட்ட வாளி வைக்கிறோம். சுற்றிலும் பழைய புடவையில் ஒரு திரை. செலவு ஒன்றும் பெரிதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லித் தராத வைத்தியம் இது. இதற்குப் பிறகு அவர்கள் தண்ணீர் கேட்டுக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கோடைக்காலத்தில், தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவுமண் மேடுகளான சயனைடு மலைகளிலிருந்து பொடி கிளம்பி வீட்டுக்குள் வந்துவிடும். ஜன்னலில் ஈரத்துணி கட்டச் சொல்வோம். அதற்கு மேல் எங்களால் ஆவது ஒன்றுமில்லை. அரசாங்கம் செய்ய வேண்டியது அது.

இந்தக் கவனிப்புக்கு ஒரு வழிமுறை இருக்கிறது என்பதை நான் முதலில் பார்த்தது பெங்களூர் மாரத்தஹள்ளி பக்கத்திலுள்ள கருணாஷ்ரயாவில். பெங்களூர் ஹாஸ்பைஸ் டிரஸ்ட் 1994-ல் தொடங்கி, 1999-ல் அந்த இல்லத்தைத் திறந்தது. முற்றிய புற்றுநோயாளிகளுக்கு அங்கே எல்லாமே இலவசம். கல் சுவர்கள், நடுவே நீர்நிலை. உறவுக்காரப் பெண் ஒருத்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, அவளுக்கு வலி எங்கே, எப்போது, எவ்வளவு என்று ஒரு நர்ஸ் உட்கார்ந்து கேட்டதை மறக்க மாட்டேன். அதுவரை யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. இந்தக் கவனிப்புக்கு முன்னோடியாக லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பைஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், நர்ஸாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்துவிட்டு அதன்பின் டாக்டருக்குப் படித்தவர். சாகப்போகிறவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை, மனசிலும் குடும்பத்திலும் கடனிலும் கடவுளோடு உள்ள வழக்கிலும் இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொடுத்தார். மைசூர் மைன்ஸில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் ஐந்து நிமிஷத்தில் அது புரிந்துவிடும்.

ஆனால் எல்லாரையும் நூறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோக முடியாது. பெரும்பாலானவர்கள் போகவும் விரும்புவதில்லை. சொந்த லைனில், தெரிந்த குரல்களின் நடுவில் உயிர் போகட்டும் என்கிறார்கள். இதற்குக் கேரளம் ஒரு வழி காட்டியது. கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு தொடங்கிய சிறு வலி நிவாரணக் கிளினிக்கிலிருந்து, அக்கம்பக்கத்து மனிதர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாகப் போகவைக்கும் முறை வளர்ந்தது. ஆட்டோ ஓட்டுகிறவர், மளிகைக்கடைக்காரர், கல்லூரிப் பெண் என்று எல்லாரும் அதில் இருக்கிறார்கள். டாக்டரும் நர்ஸும் பின்னால் நிற்பார்கள். 2008-ல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அது. லைன் வீட்டு வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. எங்கள் லைனில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது நாலு வீட்டுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தோடு கொஞ்சம் பயிற்சி சேர்ந்தால் போதும்.

வலி மருந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடும் புற்றுநோய் வலிக்கு மார்பின் மாத்திரையைப்போல் மலிவாகவும் உறுதியாகவும் வேலை செய்கிற மருந்து குறைவு. சாதாரண மாத்திரையென்றால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கூடவே மலமிளக்கியும் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மலச்சிக்கலே பெரிய வேதனையாகிவிடும். சிலிகோசிஸ் முற்றியவர்களின் மூச்சுத் திணறலுக்கும் டாக்டர்கள் இதைச் சின்ன அளவில் கொடுப்பதுண்டு. 1985-ஆம் வருஷப் போதைப்பொருள் சட்டம் இந்த மருந்தை நோயாளிக்கு எட்டாமல் செய்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அங்கீகாரம் போதும் என்றாக்கினார்கள். அப்படியும் நான் போகிற வீடுகளுக்கு அது பெரும்பாலும் பெங்களூரிலிருந்துதான் வருகிறது. ரயிலில் வேலைக்குப் போகிற மகன், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்று வாங்கி வருகிறான். வாங்கி வந்த பிறகு வீட்டில் பயப்படுகிறார்கள். "அது கடைசி மருந்தாமே, குடுத்தா போய்டுவாங்களாமே?" என்று கேட்பார்கள். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அது உயிரை எடுக்காது, வலியைத்தான் எடுக்கும் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். மாத்திரை நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவேன். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் கடிகாரத்தின் எண்களுக்கு நேராகச் சிவப்புப் பொட்டு ஒட்டுவேன்.

எங்கள் ஜில்லாவில் வாய்ப்புற்று அதிகம். வெற்றிலையோடு புகையிலை அடக்கிக்கொள்ளும் பழக்கம் பெண்களிடமும் இருப்பதால் பெண் நோயாளிகளும் நிறைய. காலையில் இட்லி சுட்டு விற்ற ஒரு அக்காவுக்குக் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு புண் வெளியே வந்துவிட்டது. சந்தில் திரும்பும்போதே வாடை தெரியும். மருமகள் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துவிட்டாள். பேத்தியைப் பக்கத்தில் விடவில்லை. அவள் பொல்லாதவள் இல்லை. தொற்றிக்கொள்ளும் என்று பயந்தாள், அவ்வளவுதான். புற்று தொற்றாது என்று வாயால் சொல்லிப் பயனில்லை. செய்து காட்ட வேண்டும். ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துப் புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையை நன்றாகப் பொடித்துத் தூவி, மேலே துணி வைத்தோம். துர்நாற்றத்துக்குக் காரணமான கிருமிகளை அது அடக்கும். சில நாளில் வாடை நன்றாகக் குறைந்தது. அந்த அக்காவின் டம்ளரை நான் கையில் வாங்கிக் கழுவி வைப்பதை மருமகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கட்டுப் போடுவதை அவளே கற்றுக்கொண்டாள். பேத்தி ஸ்கூல் விட்டு வந்து பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதினாள்.

அந்த வீட்டில் பிள்ளைகள் என்னை வாசலிலேயே நிறுத்திச் சொன்னது ஒன்று: "அம்மாவுக்கு இன்னா நோவுன்னு தெரியாது. புண்ணு ஆறிடும்னு சொல்லி வெச்சிருக்கோம். நீங்க ஒன்னும் சொல்லிடாதீங்க." எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்கிற வார்த்தை இது. நாங்கள் போட்டு உடைக்கமாட்டோம். பொய்யும் சொல்லமாட்டோம். நோயாளியிடம், "உங்களுக்கு என்னன்னு நெனைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்போம். அந்த அக்கா, பிள்ளைகள் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், குழறலாகச் சொன்னார்: "எனக்குத் தெரியும் டீச்சர். அவனுங்க அழுவானுங்கன்னு தெரியாத மாரி இருக்கேன்." இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துத் தனித்தனியே அழுதுகொண்டிருந்தார்கள். அவர் சம்மதம் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை உட்காரவைத்தோம். அன்று அவர் சீட்டுப் பணம் யாரிடம் இருக்கிறது, எந்தப் புடவை கட்ட வேண்டும், எங்கே புதைக்க வேண்டும், சின்னவன் குடியை விட வேண்டும் என்று எல்லாம் சொல்லி முடித்தார். அதற்குப் பிறகு அவருக்கு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டி வரவில்லை. எனக்கு அதில் வியப்பில்லை.

கடைசி நாட்களில் வீட்டாரை வாட்டுவது சாப்பாடு. "ஒரு வாய்கூட எறங்கல, பட்டினி போட்டே கொல்றோமா?" என்று கேட்டு அழுவார்கள். உடம்பு ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும்போது பசியும் அடங்கிவிடுகிறது, அவர் பட்டினியால் போகவில்லை, போகப் போவதால்தான் பசிக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்வோம். இதைவிடக் கடினம் பால் ஊற்றும் வழக்கம். உறவெல்லாம் கூடி நின்று ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றுவார்கள். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கிப் புரையேறி, அமைதியாகப் போக வேண்டிய உயிர் திணறிப் போகும். வழக்கத்தை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, சொன்னால் அந்த வீட்டில் மறுபடி கால் வைக்கவும் முடியாது. அதனால் சுத்தமான துணியைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருட்டி, பாலில் நனைத்துப் பிழிந்து, உதட்டில் தடவச் சொல்கிறேன். எல்லாரும் தடவலாம், கைக்குழந்தையின் விரலைப் பிடித்தும் தடவலாம். வழக்கமும் நிலைக்கிறது, உதடும் காயாமல் இருக்கிறது. லைனில் இருக்கிற பெரிய பெண்கள் இப்போது அவர்களாகவே துணியைச் சுருட்டித் தருகிறார்கள். கிறிஸ்தவ வீடுகளில் ஃபாதர் வந்து எண்ணெய் பூசும்வரை நினைவு இருக்க வேண்டும் என்று கவலைப்படுவார்கள். அதை முன்னாடியே கேட்டு வைத்துக்கொண்டு, கடைசி நேரம்வரை தள்ளாமல் நல்ல நினைவிருக்கும்போதே ஆள் அனுப்பச் சொல்வோம்.

பென்ஷன் வேலை ஒன்றும் உண்டு. வருஷா வருஷம் உயிரோடிருப்பதாகச் சான்று காட்ட வேண்டும். பாறையில் தேய்ந்த விரல்களில் ரேகை பதியாது. இப்போது முகத்தைக் காட்டினாலே போதும் என்று வசதி வந்திருக்கிறது. போனில் அதைச் செய்துகொடுத்தால் அந்த வீட்டில் ஒரு பெரிய பாரம் இறங்கும்.

புதிதாக எங்களோடு சேர வருகிறவர்களிடம் நான் கறாராக இருப்பேன். ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டில் பேசக் கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது. நம் சாமியை அங்கே கொண்டுபோகக் கூடாது. நின்றுகொண்டு பேசக் கூடாது, அவர் கண்மட்டத்துக்கு உட்கார வேண்டும். "எல்லாம் சரியாப் போய்டும்" என்ற வார்த்தை வாயிலிருந்து வரவே கூடாது. அதைச் சொன்ன உடனே நோயாளி நம்மிடம் உண்மை பேசுவதை நிறுத்திவிடுவார். வருகிறேன் என்று சொன்ன நாளில் போயே ஆக வேண்டும். அவருக்கு இன்னொரு நாள் இருக்கும் என்பது நிச்சயமில்லை.

காரியம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் போவோம். உறவெல்லாம் ஊருக்குப் போய்விட்டிருக்கும், பிள்ளைகள் ரயிலேறியிருப்பார்கள். மாதக்கணக்காக ஒருவரை இரண்டு மணிக்கொருதரம் திருப்பிப் படுக்கவைத்த கை சும்மா கிடக்கும். பெரியப்பா போன பிறகு பெரியம்மா, ராத்திரியில் அவருக்கு விசிறிவிட்ட அதே நேரங்களில் விழித்து விழித்து உட்கார்ந்திருந்தார். பெரியம்மாவோடு சேர்ந்து டீ போட்டுக் குடித்தேன், பெரியப்பா என்னிடம் சொன்ன ஷிப்ட் கதைகளில் பெரியம்மாவிடம் சொல்லலாம் என்று அவர் அனுமதித்தவற்றைச் சொன்னேன். பல மாதம் கழித்துப் பெரியம்மாவே, பக்கத்து லைனில் வாதம் வந்து படுத்த ஒருவருக்குக் கஞ்சி ஊட்டப் போக ஆரம்பித்தார். எங்கள் குழுவில் இப்போது அவரும் ஒருவர்.

சாம்பியன் ரீஃப்பில் சுரங்கக் கம்பெனி நடத்திய பெரிய ஆஸ்பத்திரி சுரங்கத்தோடு சேர்ந்து மூடிக் கிடந்தது. 2021-ல் கொரோனா இரண்டாவது அலையில் ஊர் ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் புதரை வெட்டி, தூசியைக் கூட்டி, சுவரைக் கழுவி, சில வாரங்களில் அங்கே படுக்கை போட்டார்கள். அவ்வளவு பெரிய வேலையைக் கூலியில்லாமல் செய்த ஊர் இது. இறக்கப்போகிறவர்களைக் கவனிக்க இந்த ஊரால் முடியாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கேட்பது கொஞ்சம்தான். மார்பின் மாத்திரை தங்கவயலிலேயே, அரசு ஆஸ்பத்திரியிலேயே எப்போதும் கிடைக்க வேண்டும். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, எழுதித் தர முன்வருகிற டாக்டரும் அதிகாரியும்தான் வேண்டும். வீடுகளுக்கு வந்து போக ஒரு நர்ஸ் வேண்டும். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகம், கோரமண்டல் என்று எந்தப் பக்கத்தில் இருந்தாலும், ஓய்வு பெற்றவர்களும் வீட்டோடு இருப்பவர்களும் வாரத்தில் ஒரு பகலைக் கொடுங்கள். உங்கள் லைனிலேயே ஒரு வீட்டுக் கதவு பகல் முழுக்க ஒருக்களித்தபடி இருக்கும். காலை ரயில் போன பிறகு அந்தக் கதவைத் தட்டி, உள்ளே போய் உட்காருங்கள். மற்றதை நாங்கள் சொல்லித் தருகிறோம்.